நீராவி எஞ்சினின் அழுக்கு: உழைத்த தடயமும் அருங்காட்சியகப் பளபளப்பும்

விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1890-களின் தொடக்கத்தில் அமைத்தது. இப்போது அது அகலப்பாதை. மீட்டர்கேஜ் காலத்துக் கரி எஞ்சின்களில் எஞ்சியவற்றுள் பல வண்ணம் பூசப்பட்டுக் காட்சிக்கு நிற்கின்றன. ஓடிய நாளில் அவற்றின் மேல் படிந்திருந்த அழுக்கும் வரலாற்றுச் சான்றே என்பது இக்கட்டுரையின் வாதம்.

உழைத்த காலம்

விடுதலைக்குப் பிந்தைய மீட்டர்கேஜின் முதுகெலும்பு ஒய்பி, ஒய்ஜி வகை எஞ்சின்கள். 1949 முதல் வரத் தொடங்கிய இவற்றின் உற்பத்தி 1972-உடன் முடிந்தது. லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தவர் ஃபயர்மேனாகி, பிறகு டிரைவராவது அன்றைய வழக்கம். எஞ்சினைத் துடைப்பது அழகுக்கு மட்டும் செய்த வேலையல்ல. எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தால்தான் அடியிலுள்ள விரிசல் கண்ணில் படும்.

எத்தனை துடைத்தாலும் ஓட ஓட அழுக்கு சேர்ந்தது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. புகைப்பெட்டியின் முகப்பில் வெப்பத்தால் வண்ணம் வெந்து வெளிறும். கதவின் அடிவிளிம்பில் சாம்பல் தங்கும். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி என்பதால் இது கூடுதலாகவே இருக்கும். பாய்லரின் முதுகில் புகைக்கரி. கழுவுதுளை மூடிகளுக்குக் கீழே உப்புநீர் காய்ந்த வெள்ளைக் கோடுகள். சக்கரங்களில் பிரேக் கட்டை தேய்ந்த துருத்தூள், இணைப்புத் தண்டுகளில் எண்ணெயோடு குழைந்த புழுதி. டிரைவர் நாளும் பற்றி ஏறிய கைப்பிடி மட்டும் மின்னும்.

காத்த காலம்

1977-இல் டெல்லியிலும் 2002-இல் சென்னை பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. 1855-இல் இங்கிலாந்தில் உருவான ஃபேரி குவீன் என்ற நீராவி எஞ்சின், பெரம்பூர் லோகோ பணிமனையில் சீரமைக்கப்பட்டு 1997-இல் மீண்டும் ஓடியது. அதன் சமகாலத்து இஐஆர் 21 எஞ்சினும் அங்கேயே உயிர்பெற்று 2010-இல் ஓடியது. மழையிலும் வெயிலிலும் நிற்கும் இரும்பைத் துரு தின்னாமல் காக்க வண்ணம் தேவை. ஆனால் மறுபூச்சு ஒவ்வொன்றும் பழைய தடயத்தை மூடியது. பித்தளை மினுங்க மினுங்க எஞ்சின் அணிவகுப்புக்கு வந்தது போலானது.

நீலகிரி மலை ரயில் வேறொரு பாடம் தருகிறது. அதன் எக்ஸ் வகை எஞ்சின்கள் சில எண்ணெய் எரிப்புக்கு மாற்றப்பட்டபோது, கரித்தூளும் கிளறிக் கொட்டும் சாம்பலும் அவற்றிலிருந்து விலகின. 2021-இல் பொன்மலைப் பணிமனை கரியில் ஓடும் எக்ஸ் எஞ்சினைப் புதிதாகக் கட்டியது. எரிபொருள் மாறினால் அழுக்கும் மாறும்.

அழுக்கை மீட்ட காலம்

பிரிட்டனில் அரசு ரயில்வேயின் முதன்மைப் பாதை நீராவிச் சேவை 1968 ஆகஸ்டில் முடிந்தது. துடைக்க ஆளில்லாமல் அழுக்கேறிய எஞ்சின்களே அந்தக் கடைசி ஆண்டுகளின் படங்களில் நிறைந்தன. அத்தோற்றத்தை விரும்பிய பிற்காலப் புகைப்படக்காரர்களுக்காக, காக்கப்பட்ட எஞ்சின்கள் மீது கரிப்பொடி, எண்ணெய், கழுவினால் போகும் மங்கிய சாயம் ஆகியன பூசப்படுகின்றன. உடம்பெங்கும் ஒரே பழுப்பைத் தெளித்தால் அது நாடக ஒப்பனையாகிவிடும். கறை எங்கிருந்து புறப்பட்டது, எத்திசையில் வழிந்தது என்று பழைய படங்களைப் பார்த்துப் பூசினால்தான் கண் ஏற்கும்.

தமிழ்நாட்டில் இனி ஓர் எஞ்சினைச் சீரமைக்குமுன், அதன் கறைகளையும் பழைய பூச்சு அடுக்குகளையும் படமெடுத்துப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். காட்சிக்கு நிற்கும் ஒய்பிகளுள் ஒன்றையாவது உழைத்த கோலத்தில் நிறுத்தலாம். அடியில் துருத்தடுப்புப் பூச்சு இருந்தால் இரும்புக்குக் கேடில்லை, செலவும் பெரிதல்ல.