லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட் மொழி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய நாள் முதல் சி மொழியில் எழுதப்பட்டு வந்தது. வன்பொருளைத் தொடும் சில இடங்களில் மட்டும் அசெம்பிளி உண்டு. நினைவகப் பிழைகளைக் கம்பைலரே தடுத்துவிடும் ரஸ்ட் மொழி, 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் சோதனை முயற்சியாகக் கெர்னலுக்குள் நுழைந்தது. 2025 டிசம்பரில் சோதனைக் கட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு, சி மொழியோடு ரஸ்டும் கெர்னலின் நிலையான மொழியாயிற்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் வீட்டு வைஃபை ரூட்டர்கள் பலவும் இணைய சர்வர்களில் பெரும்பாலானவையும் இந்தக் கெர்னலில்தான் ஓடுகின்றன. ஏறத்தாழ 4 கோடி வரிகள் கொண்ட மூலநிரலில் ஒரு மொழியைப் புதிதாகச் சேர்ப்பது சிறிய வேலை அன்று; அதனால்தான் முதல் பேச்சுக்கும் முடிவான ஏற்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சி மொழியும் நினைவகப் பிழைகளும்

சி மொழியை பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் கெர்னல் அதில் திருப்பி எழுதப்பட்டது. நினைவகத்தின் எந்த முகவரியையும் பாயின்டர் வழியே நேராகத் தொட முடிவதும், கம்பைலர் குறுக்கே நிற்காததும் அதன் பலம். அதே காரணத்தால், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதுவதும், விடுவித்துவிட்ட இடத்தை மறுபடி பயன்படுத்துவதும் எளிதாக நடந்துவிடும். சாதாரண ஆப் ஒன்றில் இப்படி நடந்தால் அந்த ஆப் மட்டும் நின்றுபோகும். கெர்னலில் நடந்தால் முழுக் கணினியும் நிற்கும். அல்லது ஊடுருவுபவர் கைக்குப் போகும்.

தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் தெரிவித்தது. குரோம் உலாவியின் கடுமையான ஓட்டைகளைப் பற்றிக் கூகுள் 2020இல் சொன்ன கணக்கும் ஏறக்குறைய இதுவே.

இத்தகைய பிழை எப்படிப்பட்டது என்பதற்கு, பாதுகாப்பு ஓட்டைகளைப் பதிவுசெய்யும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2019-2215 என்று எண்ணிடப்பட்ட ஓட்டை நல்ல சான்று. ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் இன்னொன்றோடு பேசுவதற்குக் கெர்னலில் பைண்டர் என்ற டிரைவர் இருக்கிறது. ஒரு திரெட் தன் வேலையை முடித்துக்கொள்வதாகச் சொன்னதும், அதற்கான நினைவகத்தைப் பைண்டர் விடுவித்துவிடும். அந்த நினைவகத்துக்குள் இருந்த காத்திருப்பு வரிசையின் முகவரியை ஈபோல் என்ற வேறொரு பகுதி இன்னும் வைத்திருக்கும். பின்னர் ஈபோல் அந்த முகவரியைத் தொடும்போது அங்கே வேறு எதுவும் இருக்கலாம். அதில் எது இருக்க வேண்டும் என்பதைத் தாக்குபவர் தீர்மானித்தால் கைப்பேசியே அவர் வசமாகும். மூலக் கெர்னலில் 2018 தொடக்கத்திலேயே இது சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் திருத்தம் பல கைப்பேசிகளுக்கு வந்துசேரவில்லை. 2019 அக்டோபரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு வெளியிட்ட, பாதிப்புக்குள்ளாகும் கைப்பேசிகளின் பட்டியலில் இந்தியாவில் ஏராளமாக விற்ற ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 ஆகியவையும் இருந்தன. எழுதியவர் கவனமற்றவர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இரு வேறு பகுதிகளுக்கு இடையே ஒரு நினைவகம் யாருடைய பொறுப்பு என்பதை சி மொழியில் எழுதிவைக்க இடமே இல்லை. மனித நினைவை நம்பியே அது நடக்க வேண்டியிருக்கிறது.

முந்தைய முயற்சிகள்

பாதுகாப்பான மொழியில் இயங்குதளம் எழுதும் எண்ணம் லினக்ஸுக்கு மிக முந்தையது. 1961இல் அறிவிக்கப்பட்ட பரோஸ் பி5000 கணினியின் அடிப்படை மென்பொருள் அல்கால் வழிவந்த மொழியில் எழுதப்பட்டது. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்பின் திட்டம் மாடுலா-3 மொழியையும், 2003இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு தொடங்கிய சிங்குலாரிட்டி திட்டம் சி ஷார்ப் வழிவந்த மொழியையும் கையாண்டன. இவற்றில் பின்னிரண்டும் பயன்படாத நினைவகத்தைத் தானே திரட்டி விடுவிக்கும் ஏற்பாட்டை நம்பியிருந்தன. நொடியின் சிறு பின்னத்துக்குள் வன்பொருளுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கெர்னலுக்கு அந்த ஏற்பாடு சுமை. இவ்விரண்டும் ஆய்வுத் திட்டங்களாகவே நின்றன. லினக்ஸில் சி++ மொழியை நுழைக்கும் யோசனைகளை டோர்வால்ட்ஸ் மறுத்துவந்தார்.

ரஸ்ட் மொழியின் அணுகுமுறை

ரஸ்டை 2006இல் கிரேடன் ஹோர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2009இல் மோசில்லா ஆதரவு தந்தது. முதல் நிலையான பதிப்பு 2015 மே 15 அன்று வந்தது. நினைவகத்தைத் திரட்டும் பின்னணி வேலை எதுவும் இதில் இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நினைவகத் துண்டுக்கும் ஒரே ஓர் உடைமையாளர் என்ற விதி உண்டு. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போல, உடைமையாளர் அந்த நினைவகத்தைப் பிறருக்கு இரவல் தரலாம். இரவல் முடியும் முன் அதை விடுவிக்க முடியாது. ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். விதி மீறப்பட்டால் நிரல் கம்பைல் ஆகாது. மேலே சொன்ன பைண்டர் பிழையை இந்த விதிகளுக்கு உட்பட்ட நிரலில் எழுதினால் அது கைப்பேசி வரை போகாது; எழுதியவரின் மேசையிலேயே நின்றுவிடும்.

வன்பொருள் முகவரிகளை நேரடியாகத் தொடுவது போன்ற வேலைகளை இந்த விதிகளுக்குள் செய்ய முடியாது. அவற்றை ‘அன்சேஃப்’ என்று குறியிட்ட கட்டங்களுக்குள் எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் நடப்பதற்கு எழுதுபவரே பொறுப்பு. கெர்னலில் ரஸ்டைக் கொண்டுவந்தவர்களின் உழைப்பில் பெரும்பகுதி, இந்தக் கட்டங்களைக் குறைத்து, சி மொழியிலுள்ள கெர்னல் பணிகளைச் சுற்றிப் பாதுகாப்பான உறை அமைப்பதில் போயிற்று.

கெர்னலுக்குள் நுழைந்த வழி

அலெக்ஸ் கேய்னரும் ஜெஃப்ரி தாமஸும் கெர்னல் மாட்யூல்களை ரஸ்டில் எழுதிக்காட்டி, 2019இல் லினக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் அதை விளக்கினர். 2020இல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இதற்கான தடைகள் அலசப்பட்டன. மிகுவேல் ஒஜேதா தலைமையில் ‘ரஸ்ட் ஃபார் லினக்ஸ்’ திட்டம் வளர்ந்தது. அவர் 2021 ஏப்ரலில் முதல் தொகுப்பைக் கருத்துக்கு வைத்தார். அவர் இதில் முழுநேரம் உழைக்கக் கூகுள் பணம் தந்தது.

டோர்வால்ட்ஸ் அதை எதிர்க்கவில்லை. அவர் அழுத்தமாகச் சுட்டிய குறை ஒன்று: நினைவகம் கேட்டுக் கிடைக்காவிட்டால் ரஸ்டின் வழக்கமான நூலகம் நிரலையே நிறுத்திவிடும். கெர்னலில் அதை ஏற்க முடியாது. கிடைக்கவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு தொடர்ந்து இயங்க வேண்டும். குழு அந்தப் பகுதியைத் திருத்தி அமைத்தது. 2022 அக்டோபரில் 6.1க்காகச் சேர்க்கப்பட்ட நிரல் சுமார் 12,500 வரிகள்தான். அதில் பயனருக்கு உதவும் டிரைவர் ஒன்றுகூட இல்லை, அடித்தளம் மட்டுமே. முதல் டிரைவராக, ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஈதர்நெட் சிப்புக்கு ஃபுஜிதா தொமொனோரி எழுதியது 2024 மார்ச்சில் 6.8இல் வந்தது.

பூசல்

தொழில்நுட்பத்தைவிட மனிதர்களிடையேதான் இந்த மாற்றம் கடினமாக இருந்தது. சி மொழியில் ஒரு செயற்கூற்றை மாற்றினால் அதைச் சார்ந்த ரஸ்ட் உறையையும் யார் மாற்றுவது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. 2024இல் முக்கியப் பங்களிப்பாளரான வெட்சன் அல்மெய்டா ஃபில்யோ, தொழில்நுட்பத்தோடு தொடர்பற்ற சச்சரவுகளைக் காரணம் காட்டி விலகினார். 2025 தொடக்கத்தில் வன்பொருள் நேராகத் தொடும் டிஎம்ஏ நினைவகத்துக்கான ரஸ்ட் உறையை அப்பகுதியின் பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் எதிர்த்தார். ஒரே மூலநிரலில் இரு மொழிகள் கலந்தால் பராமரிப்பே கெட்டுவிடும் என்பது அவர் வாதம். பல்லாண்டு ஒரு பகுதியைக் காத்துவந்தவரின் கவலை என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்த ஹெக்டர் மார்ட்டின் இந்தத் தகராறின்போது பராமரிப்புப் பொறுப்பைத் துறந்தார்.

2025 பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் தீர்ப்புச் சொன்னார். ரஸ்டைத் தொட விரும்பாத பராமரிப்பாளர் அதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் தன் நிரலை வேறொருவர் ரஸ்டிலிருந்து பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. சர்ச்சைக்குரிய உறை 6.15இல் சேர்ந்தது. கெர்னலின் நிலையான பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், தான் பார்த்துவந்த பிழைகளில் பெரும்பான்மை சி மொழியின் சின்னச் சின்னக் கவனப்பிசகுகளே என்றும் அவை ரஸ்டில் எழாது என்றும் வாதிட்டது இந்தத் தீர்ப்புக்கு வலுவூட்டியது.

சோதனை முடிவு

அதன்பின் வேகம் கூடியது. என்விடியா சிப்புகளுக்கான நோவா டிரைவரின் தொடக்கம் 6.15இல் வந்தது. லினாரோ நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர் விரேஷ் குமார், பிராசஸர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு எழுதிய ரஸ்ட் உறைகளும் டிரைவரும் 2025 ஜூலையில் 6.16இல் சேர்ந்தன. ஆலிஸ் ரைல் திருப்பி எழுதிய பைண்டர் 2025 நவம்பர் இறுதியில் 6.18இல் இடம்பெற்றது. அடுத்த மாதம் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள் ரஸ்டைச் சோதனை என்று சொல்வதை நிறுத்த முடிவு செய்தனர்.

அதே டிசம்பரில் கெர்னலின் ரஸ்ட் பகுதிக்கு முதல் சிவிஇ எண்ணும் வழங்கப்பட்டது. புதிய பைண்டரில் ஒரு பட்டியலைப் பூட்டுக்குள் வைத்துத் தனி இடத்துக்கு மாற்றி, பூட்டைத் திறந்தபின் அதை ஒவ்வொன்றாகக் கையாண்டார்கள். அந்த இடைவெளியில் வேறொரு திரெட் அதே பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கினால் முன்பின் பாயின்டர்கள் சிதைந்து கெர்னல் நின்றுபோகும். அப்படி நீக்கும் வேலை அன்சேஃப் கட்டத்தில் இருந்தது. தனி இடத்துக்கு மாற்றாமல், மூலப் பட்டியலிலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்கும்படி மாற்றித் தீர்த்தனர். அன்றைய தினம் சி பகுதியின் திருத்தங்களுக்கு மட்டும் 159 எண்கள் தரப்பட்டதாக க்ரோவா-ஹார்ட்மன் குறிப்பிட்டார். சி நிரல் பன்மடங்கு அதிகம் என்பதால் இரு எண்களையும் நேராக ஒப்பிடுவது முறையாகாது. ஆனால் ரஸ்டில் தேட வேண்டிய இடம் குறியிடப்பட்டிருக்கிறது என்பது பெரிய வசதி.

பலனும் வரம்பும்

பழைய நிரல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழியில் எழுதினாலே போதும் என்பதற்கு ஆண்ட்ராய்டு சான்று தருகிறது. அங்கே நினைவகப் பிழைகளால் வரும் ஓட்டைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடு. 2024இல் 24 விழுக்காடு. விண்டோஸ் கெர்னலிலும் 2023 முதல் சில பகுதிகள் ரஸ்டில் உள்ளன.

வரம்பை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் விண்டோஸ் கெர்னல் டிரைவர், 20 உள்ளீடுகள் இருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப்போனதால் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். ரஸ்ட் அப்படிப் படிப்பதைத் தடுத்திருக்கும். ஆனால் தடுத்தபின் என்ன செய்வது என்று எழுதியவர் யோசிக்காமல் விட்டிருந்தால், அங்கேயும் கெர்னல் நின்றுதான் போயிருக்கும்.

தமிழ்நாட்டில்

இதே நினைவகப் பிழைச் சிக்கலைச் சென்னை ஐஐடி வன்பொருள் பக்கமிருந்து அணுகியது. வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி பிராசஸர் 2018இல் லினக்ஸை இயக்கியது. அதே திட்டத்தில் பிறந்த சக்தி-டி (2017), சக்தி-எம்எஸ் (2019) ஆய்வு வடிவங்கள் பாயின்டர்களின் எல்லையையும் ஆயுளையும் சிப்பிலேயே சரிபார்த்தன. எழுதிக் குவித்துவிட்ட சி நிரலைத் தூக்கியெறியாமல் காப்பது இவற்றின் நோக்கம். புதிய நிரலுக்கு ரஸ்டும் பழைய நிரலுக்கு இத்தகைய வன்பொருளும் என இரண்டும் சேர்வதே நடைமுறைக்கு ஏற்றது.

தமிழ் மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதன்று. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. கெர்னல் அறிவு பயன்படக்கூடிய இடங்களும் இங்கே உள்ளன. கோவை எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழக வளாகத்தில் சைபர் பாதுகாப்புக்கான தனி மையம் இயங்குகிறது. கார்களுக்கான மென்பொருள் எழுதும் பாஷ் நிறுவனத்தின் பெரிய மையமும் கோவையில் உள்ளது. கொங்குப் பகுதியின் பொறியியல் கல்லூரிகளில் பல பின்பற்றிவந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் மாணவர் முதல் செமஸ்டரில் பைத்தானும் இரண்டாவதில் சி மொழியும் கற்று, அதன்பின் இயங்குதளப் பாடத்துக்கு வந்தார். இப்படிக் கற்றவருக்குப் பாயின்டரில் தடுமாறிய அனுபவம் ஏற்கெனவே இருப்பதால், ரஸ்டின் விதிகள் எதற்காக என்பது எளிதில் விளங்கும். கெர்னல் மூலநிரலின் சாம்பிள்ஸ் கோப்புறையில் ரஸ்டுக்கென ஓர் உட்கோப்புறை இருக்கிறது. அதிலுள்ள ‘ரஸ்ட் மினிமல்’ என்ற சிறிய மாட்யூலைக் கல்லூரி ஆய்வகத்தின் சாதாரணக் கணினியிலேயே கம்பைல் செய்து ஏற்றிப் பார்க்கலாம்.