கிரானில் ஒரு பழைய தகரம்: எழுத்துருவும் மின்சாரமும் உரிமையும்

சென்ற மாரிக்கு முன்னர் கிரானிலுள்ள எமது பழைய வீட்டைத் துப்புரவு செய்தபோது, பரணிலிருந்து ஒரு பிஸ்கற் தகரம் கிடைத்தது. உள்ளே மூன்றரை அங்குல பிளாப்பித் தட்டுகள் மூன்று. ஒவ்வொன்றின் முகப்பிலும் எனது கையெழுத்தில் "வந்தாறுமூலை - 1996" என்றிருந்தது. அவற்றைக் கண்டதும் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டேன்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனை வீதியில் செல்பவர், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து வந்தாறுமூலையை அடைவார். பின்னர் சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, அதற்கப்பால் கிரான். வந்தாறுமூலையில்தான் கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. 1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டபோது அதன் வளாகம் அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அம்முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. 1994இல் நியமிக்கப்பட்ட வடக்கு - கிழக்குக்கான ஜனாதிபதி ஆணைக்குழு இதனையும் விசாரித்தது. அந்நாட்களில் எமது அயலூர்த் தாய்மாரிடம் நான் கேட்டெழுதியவையே அம்மூன்று தட்டுகளிலும் இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி மாத்திரம் அச்சேறியது. ஏனையவற்றுக்கு "இடமில்லை" என்றார்கள். இடமின்மை என்பது பத்திரிகைக் காரியாலயங்களில் பல பொருள் தரும் சொல்.

தட்டுகளை வாசிக்கும் கருவியைத் தேடிப் பிடிப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்த கருவியில் முதலாவது தட்டைச் செலுத்தினேன். கோப்பு திறந்தது. திரையில் தெரிந்தது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் விசித்திரக் குறிகளும் கலந்த ஒரு குப்பை. நானே எழுதியதை நானே வாசிக்க இயலவில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். கணினி எழுத்துகளை அறியாது. எண்களை மட்டுமே அறியும். அக்காலக் கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஓர் எட்டுத்துணுக்கு இடம். ஆக மொத்தம் 256 இடங்கள். அவற்றின் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. தமிழுக்கென்று எவரும் இடம் ஒதுக்காத நிலையில், எமது ஆட்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்து பொருத்தினர். ஈழத்தவர் உலகெங்கும் பயன்படுத்திய பாமினி எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. அதில் 'தமிழ்' என்று நாம் காண்பது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் மாத்திரமே. 'கிரான்' என்பது எஃப், பி, யு, எச், டி, பின்னர் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை நீக்கினால் ஊரும் போய்விடும்.

பாமினியில் எழுதியிருந்தாலும் பிழைத்திருப்பேன். அது எங்கும் கிடைத்தது. ஒருவருக்கொருவர் படியெடுத்துக் கொடுத்தோம். நான் பணியாற்றிய பத்திரிகையில் இருந்ததோ விலைகொடுத்து வாங்கிய வேறொரு தட்டச்சமைப்பு மென்பொருள். அதற்கெனத் தனியான எழுத்துரு, தனியான எழுத்து வரிசை. கணினியின் பின்புறத்தில் தீப்பெட்டியளவான ஒரு பூட்டுக் கருவி செருகப்பட்டிருக்கும். அது இல்லாவிடின் மென்பொருள் இயங்காது. விற்ற நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பூட்டுக் கருவியும் எந்தக் குப்பைமேட்டிலோ போய்ச் சேர்ந்திருக்கும். எழுதியவன் நான், சொன்னவர்கள் தாய்மார், திறப்பு மட்டும் எவரிடமும் இல்லை.

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே பட்டியலிடுவர். அவை உண்மையில் பெரிய வெற்றிகள்தாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் அங்கு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. சுவிற்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார்; 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். இவர்களுள் எவரும் அரசாங்கத்தின் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. எனினும் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் சென்றதனால், 1990களின் இறுதியில் தமிழ் ஒன்றாகவும் தமிழ்க் குறியீடுகள் பலவாகவும் இருந்தன. திஸ்கி, டாப், டாம் என்று பெயர்களே ஒரு பட்டாளம். ஒரு மின்னஞ்சல் அனுப்புவதாயின் அதனுடன் எழுத்துருவையும் சேர்த்தனுப்ப வேண்டும். தபாலில் கடிதத்துடன் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து அனுப்புவது போலத்தான்.

யுனிகோட் 1991இலேயே வெளிவந்துவிட்டது. அதில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. 'க' என்றால் 2965 என்ற எண். டொரொன்ரோவிலும் அதே எண், கிரானிலும் அதே எண். ஆயினும் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினிகளில் அதனைப் பயன்படுத்த வழியிருக்கவில்லை. வந்த பின்னரும் சச்சரவு ஓயவில்லை. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் தரப்படவில்லை, இந்திய அரசின் பழைய தரத்தை அப்படியே பின்பற்றிவிட்டார்கள் என்று பலர் குறைகூறினர். நானும் கூறினேன். தமிழக அரசு 2010 யூனில் யுனிகோட்டை ஏற்று ஆணை பிறப்பித்தபோது, உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் சேர்த்தே ஏற்றது. இன்று திரும்பிப் பார்க்கையில், எனது குறைகூறல் வீண் என்றே தோன்றுகிறது. குறையுள்ள பொதுக் குறியீடு ஒன்று, நிறைவான நூறு தனிக் குறியீடுகளிலும் மேல். எனது மூன்று தட்டுகளே அதற்குச் சாட்சி.

மென்பொருளைத் திறந்து கொடுப்பதா, பூட்டி விற்பதா என்ற வழக்கு அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் தொடங்கியது. நாங்கள் அதனை நீண்டகாலம் தத்துவ விசாரம் என்றே எண்ணியிருந்தோம். உண்மையைச் சொன்னால், எமது காரியாலயங்களில் இருந்த விண்டோஸ்களில் பெரும்பாலானவை படியெடுக்கப்பட்டவை. களவாக எடுத்ததை இலவசம் என்று கருதியவர்களுக்குச் சுதந்திரத்தின் விலை எங்ஙனம் விளங்கும்? எனக்கு அது விளங்கியது 2004 டிசெம்பர் 26இற்குப் பின்னர். கல்குடா, பாசிக்குடாக் கரைகளைக் கடல் கொண்டுபோன அந்நாட்களில், கொழும்பிலிருந்த மென்பொருள் வல்லுநர்கள் சிலர் தொண்டர்களாகத் திரண்டு, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதியும் ஒரு கட்டற்ற மென்பொருளைச் சில நாட்களிலேயே ஆக்கினர். சஹானா என்பது அதன் பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். இவ்வகைப் பணிக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. இலங்கையில் பிறந்து பிற நாடுகளின் அனர்த்தங்களுக்கும் பயன்பட்டது. நாங்கள் ஏற்றுமதி செய்த நல்ல பொருட்களுள் தேயிலைக்கு அடுத்தபடியாக இதனைச் சொல்லலாம்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துருவைப் பற்றிப் பேசுவோர் மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். எனது தலைமுறைக்கு அது மறக்கக்கூடியதன்று. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் மின்கம்பங்கள் தென்னைகளுடன் சேர்ந்து சாய்ந்தன. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு முற்றாக இருண்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். எமது பக்கத்தில் குப்பி விளக்கும் கார் பற்றரியும். சந்தையில் மின்பிறப்பாக்கி வைத்திருந்த கடைக்காரரிடம் பற்றரியைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வருவோம். அந்தச் சக்தியை எதற்குச் செலவிடுவது என்பதில் வீட்டில் வாக்குவாதமே நடக்கும். பெரும்பாலும் இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை வென்றுவிடும். அவ்வொலிபரப்பு சிற்றலையில் 2017 ஏப்ரலுடன் நின்றது.

அண்டையிலேயே வாழைச்சேனைக் காகித ஆலை இருந்தது. 1950களில் தொடங்கப்பட்டு, வயல்களின் வைக்கோலைக் காகிதமாக்கியது. எமது வைக்கோலில் எமது எழுத்து என்று பாடசாலையில் பெருமையடித்திருக்கிறோம். போர்க்காலத்தில் அவ்வாலை நலிந்தது. காகிதம் அரிதானபோது, இனிக் கணினியே வழி, அதற்கு எல்லையுமில்லை தடையுமில்லை என்று எழுதியவர்களுள் நானும் ஒருவன். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஏனெனில் தடை வந்தது. மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான தர்மரத்தினம் சிவராம், 1997இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளத்தின் செய்தித் தரத்தைக் கட்டியெழுப்பியவர். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் உடலைக் கண்டெடுத்தனர். 2007 யூனில் அத்தளத்தையே இலங்கையின் இணைய இணைப்பு நிறுவனங்கள் அரசின் பணிப்பில் தடுத்தன. ஆளைக் கொல்வதும் முகவரியை மறைப்பதும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் இரண்டாவது மிகவும் இலகுவானது; இரத்தம் சிந்தாததனால் எவரும் அழுவதில்லை. பின்னர் அது பழக்கமாயிற்று. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பின் பின்னர் மீண்டும். 2022 ஏப்ரல் 3 அன்று மீண்டும்.

இந்த மூன்றாவது தடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லை. கைத்தொலைபேசியில் மிஞ்சிய பற்றரியைச் சேமித்து, மின்சாரம் எப்போது வரும் என்று பார்க்கத் திறந்தால், தளங்கள் திறக்கவில்லை. மின்சாரமின்மை ஒரு தணிக்கை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். ஒன்றுக்குக் காரணம் வறுமை, மற்றையதற்குக் காரணம் அதிகாரம். பார்வையாளனுக்கோ இரண்டும் ஒரே கரிய திரை. அத்தடை ஒரு நாளைக்கூடத் தாங்கவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவே அதற்குச் சட்ட அதிகாரமில்லை என்றது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றிக்கொண்டார்கள். எது பொய்யான கூற்று என்பதைத் தீர்மானிக்க அதில் ஓர் ஆணைக்குழு. பொய்யைத் தடுக்க வேண்டாம் என்று எந்தப் பத்திரிகைக்காரனும் சொல்லமாட்டான். ஆனால் 158 பேரைப் பற்றிய தாய்மாரின் கூற்று 1990இல் உத்தியோகபூர்வமாக 'பொய்'. (2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளாக்கியது. அதற்கு எந்த ஆணைக்குழுவும் தேவைப்படவில்லை.)

தட்டுகளுக்குத் திரும்புகிறேன். எமது ஊர்த் தம்பி ஒருவர், கணினி படித்தவர், வீட்டுக் கூரையில் சூரிய மின்கலம் பூட்டியிருப்பதனால் மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படாதவர், உதவிக்கு வந்தார். பழைய கொப்பியொன்றில் அச்சான கட்டுரையின் நறுக்கை ஒட்டி வைத்திருந்தேன். அதனைப் பக்கத்தில் வைத்து, கோப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எந்தத் தமிழ் உருவம் என்று அட்டவணை தயாரித்தோம். புரியாத மொழியின் கல்வெட்டை இருமொழிச் சாசனம் கொண்டு வாசிப்பதைப் போன்றது அவ்வேலை. பாமினிக்கும் ஏனைய அறியப்பட்ட எழுத்துருக்களுக்கும் சுரதா யாழ்வாணன் போன்றோர் ஆக்கிய மாற்றிகள் 2000களிலிருந்தே இலவசமாகக் கிடைக்கின்றன. அவர்கள் ஒரு காசும் கேட்கவில்லை. இன்றைய தமிழிணையத்தின் பாதி அவர்களின் உழைப்பில் நிற்கிறது. எமது எழுத்துரு அப்பட்டியலில் இல்லாததால் தம்பி பைதன் மொழியில் தாமே ஒரு மாற்றியை எழுதினார்.

முதல் முயற்சியில் 'கிரான்' என்பது 'கிரரன்' என்று வந்தது. மாற்றியில் பிழை என்றேன். தம்பி சிரித்துக்கொண்டு, "ஐயா, பிழை நீங்கள் விட்டது" என்றார். தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கத்தால், காலுக்குப் பதிலாக 'ர'வையே அடித்துச் சென்றிருக்கிறேன். அச்சில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததனால் எவரும் கவனிக்கவில்லை. கண்ணை ஏமாற்றலாம், எண்ணை ஏமாற்ற முடியாது. கொம்புகளிலும் அதே தொல்லை. பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னே வரும். யுனிகோட்டில் பின்னே சேமிக்கப்படும். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த ஐந்து மாலைகள் சென்றன.

ஐந்தாம் மாலை இரண்டு தட்டுகளின் முழு உள்ளடக்கமும் தமிழாகத் திரையில் வந்தது. பெயர், வயது, தந்தை பெயர், அன்று உடுத்தியிருந்த சாரத்தின் நிறம். தம்பி எழுந்து வெளியே சென்றுவிட்டார். 1990இல் அவர் பிறந்திருக்கவில்லை. அக்கோப்புகளை இப்போது எந்தக் கணினியும் திறக்கக்கூடிய வெற்று உரையாக நான்கு இடங்களில் வைத்திருக்கிறேன்; ஒன்று கடல்கடந்து. 1981இல் யாழ் நூலகத்தை எரித்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கட்டடத்துள் இருந்தன. 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கிய இளைஞர்கள் ஈழத்து நூல்களை வருடி யாவர்க்கும் திறந்து வைத்தமைக்குப் பின்னாலுள்ள காரணத்தை இதனைவிட விளக்கத் தேவையில்லை. பெயர்களைப் பகிரங்கமாக வெளியிடுவதா என்பதைக் குடும்பத்தினர்தாம் சொல்ல வேண்டும். அது எனது சொத்தன்று.

மூன்றாவது தட்டு திறக்கவேயில்லை. காந்தப் பூச்சின்மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதில் இருந்தவை முறக்கொட்டான்சேனை, சந்திவெளித் தாய்மார் சொன்னவை.

சென்ற வாரம் ஒரு கொப்பியுடன் முறக்கொட்டான்சேனைக்குப் போனேன். நினைவில் இருந்த முதலாவது வீட்டில் தாயார் இல்லை. காலமாகி ஒன்பது ஆண்டாயிற்றாம். மகள் இருந்தார். முகாமில் இருந்தபோது தமக்கு ஏழு வயது என்றார். கதிரை தந்து, தேநீர் வைத்துவிட்டு வந்து, தமையனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பேனையால் எழுதிக்கொண்டேன்.