ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார்

ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் (14 அக்டோபர் 1887 – 15 ஏப்ரல் 1974) மகப்பேறு மருத்துவர், கல்வியாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் இருந்தவர். கர்நூலில் பிறந்தார். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார் இவருடன் பிறந்த இரட்டையர்.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்பாளராகவும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகவும் பணியாற்றினார். 1938இல் வெளிவந்த இவருடைய ‘கிளினிக்கல் அப்ஸ்டெட்ரிக்ஸ்’ எழும்பூர்ப் பிரசவ வார்டுகளின் அனுபவத்தில் விளைந்த நூல். நம் ஊர்க் கர்ப்பிணிகளிடம் கண்டதை வைத்தே நம் மாணவர்களுக்குப் பாடம் சொன்னது அதன் பெரும் பலம். பின்னாளில் மகப்பேறு மருத்துவர் கிருஷ்ண மேனனும் சேர்ந்து திருத்தியதால் ‘முதலியார் – மேனன்’ என்றே மாணவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். 1961இல் புதுதில்லியில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை வகித்தார். 1963இல் பத்ம விபூஷண் பெற்றார்.

மருத்துவத்தில் இவருடைய அறிவியல் நோக்கைத் தெளிவாகக் காட்டுவது, 1959இல் இவர் தலைமையில் அமைந்த சுகாதார ஆய்வு, திட்டக் குழு. நாட்டின் சுகாதாரத் தேவைகளை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் 1946ஆம் ஆண்டுப் பரிந்துரைகளுக்குப் பிறகு நாட்டில் உண்மையில் நடந்தது என்ன என்பதை அது முதலில் அளந்து பார்த்தது. டாக்டரும் செவிலியரும் போதாமல் திறக்கப்பட்டிருந்த ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கண்டபின், புதியவற்றைத் திறக்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்துங்கள் என்றது. ஒரு நிலையத்தின் பொறுப்பு 40,000 பேரைத் தாண்டக் கூடாது, மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் வேண்டும், 50 லட்சம் பேருக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பனவும் அதன் பரிந்துரைகள்.

இந்தப் பரிந்துரைகளைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் வைத்துப் பார்க்கலாம். இவர் காலத்தில் இவை திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். உயர்கல்வியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்தவை. அரியலூர் அரசு கலைக் கல்லூரி 1965இல், இவர் துணைவேந்தராக இருந்தபோது தொடங்கியது. மருத்துவக் கல்லூரிக்கான 50 லட்சக் கணக்கு மட்டும் இந்த வறண்ட பகுதிக்குப் பொருந்தவில்லை. பின்னர் தனி மாவட்டங்களான இவ்விரண்டும் 2011 கணக்கெடுப்பில் சேர்ந்தே சுமார் 13 லட்சம் பேர்தான். ஆனால் அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்திலோ செந்துறையிலோ பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரையிலான தூரமே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டத்திலேயே சிறப்பு மருத்துவர்கள் வேண்டும் என்ற குழுவின் மற்றொரு பரிந்துரைக்கு அது நெருங்கி வருகிறது.