சபாரியும் நம் முன்னோரும்

பள்ளி விடுமுறை முடிந்து வந்த மாணவன் ஒருவன், தன் சிற்றப்பா கென்யா நாட்டிற்குச் சென்று சிங்கமும் யானையும் கண்டு வந்த கதையை வகுப்பில் ஆர்வத்தோடு கூறினான். கூறி முடித்தபின், "ஐயா, சபாரி என்பது எந்த மொழிச் சொல்?" என்று வினவினான். விடை கூறப் புகுந்த என்னை அக்கேள்வி நெடுந்தூரம் இழுத்துச் சென்றுவிட்டது.

சபாரி என்பது கிழக்காப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அதன் வேர் அரபு மொழியின் 'சபர்'. தமிழகக் கடற்கரையூர்களில் வாழும் முஸ்லிம் பெருமக்கள், பொருள் தேடிக் கடல் கடப்பதைச் 'சபர்' என்றும், அவ்வாறு சென்றவரைச் 'சபராளி' என்றும் வழங்குவர். மலாய் மொழியின் 'முசாபிர்' என்னும் சொல்லுக்கும் வேர் அதுவே. பிழைப்புக்காக மலாயா வந்தவனும் பொழுதுபோக்காகச் சிங்கம் காணச் சென்றவனும் ஒரே சொல்லின் இரு கிளைகளில் அமர்ந்திருக்கின்றனர்!

ஆப்பிரிக்காவில் சபாரி முதலில் வணிகக் கூட்டத்தின் நடைப்பயணமாக இருந்தது. பின்னர் வெள்ளையரின் வேட்டைப் பயணம் ஆயிற்று. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூசுவெல்ட் 1909ஆம் ஆண்டில் அங்குச் சென்று, அருங்காட்சியகத்திற்கென அவர் குழுவினர் சேர்த்த உயிரினங்கள் பதினோராயிரத்திற்கும் மேலாம். துப்பாக்கி கீழே இறங்கிப் படக்கருவி மேலே ஏறியது அதற்குப் பிந்திய கதை. காட்சியிடத்திலிருந்து மனிதரை அகற்றிய கதையும் அதில் உண்டு. 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகிய செரெங்கேட்டியை விட்டு, 1959இல் மாசாய் மக்கள் வெளியேற நேர்ந்தது.

ஆனால் வேட்டைக்காரர் அந்நாட்டின் உட்பகுதிக்கு எளிதில் செல்ல வழி செய்தது எது? மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896 முதல் 1901 வரை இடப்பெற்ற இருப்புப்பாதை. அதனை இட்டவர் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 32,000 பேர். அவர்களுள் 2,500 பேர் வரை அங்கேயே மாண்டனர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களிலிருந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. அவற்றை அவ்வாண்டு டிசம்பரில் சுட்டவர் பாட்டர்சன் என்னும் பொறியாளர். மாண்ட இந்தியர் 28 பேர் என்று முதலில் எழுதிய அவர், பிற்காலத்தில் மொத்தம் 135 பேர் என்றார். 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் சோதித்து, உண்ணப்பட்டோர் ஏறத்தாழ 35 பேர் இருக்கலாம் என்கிறது. சிங்கங்கள் இன்றும் சிக்காகோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. சுட்டவர் பெயரை உலகம் அறியும். உண்ணப்பட்டவருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

இனி நம் ஜொகூருக்கு வருவோம். உலு திராமிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் வழியில் கங்கார் திப்ராவ் என்றோர் ஊர் உண்டு. 'கங்கார்' என்பது சீனர் ஆற்றங்கரையில் காடழித்துக் காம்பீரும் மிளகும் பயிரிட்ட பழங்குடியிருப்பின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தோட்டங்களில் புலிக்கு இரையானோர் பலர். தீவாகிய சிங்கப்பூரிலும் இதே நிலை. ஆதலால் அங்குப் புலியைக் கொல்வோர்க்கு அரசு பரிசுத்தொகை அளித்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாமும் வந்தோம்.

பால்மரம் வெட்டிய என் பாட்டி, புலி என்ற சொல்லை இருட்டிய பின் வாயால் சொல்லமாட்டார், 'பெரியவர்' என்பார். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது பெண்கள் கூட்டமாகவே நடப்பராம். காட்டோரத்து நிரை கிடைத்தவர், எல்லையில் இருந்த முனியாண்டியை வணங்கிய பின்னரே கத்தியை எடுப்பாராம். முனியாண்டி கோயில்கள் பல தோட்டத்தின் விளிம்பில் அமைந்ததற்கு இவ்வச்சமும் ஒரு காரணமோ என நான் ஐயுறுவதுண்டு.

அக்காலத்தில் ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் (ஆட்சி 1895-1959) புகழ்பெற்ற புலி வேட்டைக்காரர். 1928இல் ஜொகூர் பாருவில் விலங்குக்காட்சிச் சாலையை நிறுவியவரும் அவரே. நாடு முழுமைக்கும் காடு காக்கப் போராடியவர் தியோடர் ஹப்பக். இவர் ரப்பர்த் தோட்டக்காரர், யானையும் காட்டெருதும் வேட்டையாடி 1905இல் நூல் எழுதியவர் என்பது வியப்புக்குரியது. யானை பயிரை அழிக்கிறது, சுடவேண்டும் என்று தோட்டக்காரர்கள் கூறிவந்த காலத்தில், அவர் காட்டு விலங்குகளின் பக்கம் நின்றார். 1930இல் தொடங்கிய வனவிலங்கு ஆணையத்திற்குத் தலைமை தாங்கி விரிவான அறிக்கை தந்தார். 1938-39ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேர்ந்து ஒதுக்கிய 4,343 சதுர கிலோமீட்டர்க் காடே, விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா எனப் பெயர் பெற்றது. ஜொகூரின் எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கு இத்தகைய காப்பு காலம் தாழ்த்தே வந்தது. 1977இல் அங்கு மரம் வெட்டத் தொடங்கியதும் மக்கள் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1985-86இல் அறிஞர் குழு சென்று ஆராய்ந்தது. 1993இல் பூங்கா அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

தாமான் நெகாராவில் உப்புநிலத்தை நோக்கி உயரத்தில் கட்டிய மறைகுடிலைப் 'பும்புன்' என்பர். ஆசிரிய நண்பர்களோடு அத்தகைய குடிலில் ஓரிரவு விழித்திருந்தேன். நள்ளிரவுக்குப் பின், நடுவில் வெண்மையும் முன்னும் பின்னும் கருமையுமாக ஒரு தாபிர் வந்து, மண்ணை நக்கிவிட்டுச் சென்றது. அவ்வளவே. அப்போது என் நினைவுக்கு வந்தது குறிஞ்சித் திணையின் இதணம். தினைப்புனத்துப் பரண்மேல் இருந்தவரும் இரவில் யானையை எதிர்பார்த்தே இருந்தனர். ஆனால் அவர்கள் வரவேண்டாம் என்று காத்திருந்தனர், நாங்கள் வராதா என்று காத்திருந்தோம். என் பாட்டி முதல் வகையினர்.

மலாயாப் புலிகள் இன்று 150க்கும் குறைவு என்கிறது 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு. நாட்டின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் சாபாவில் இறந்தது. கோத்தா திங்கிப் பக்கம் யானைகள் செம்பனைத் தோட்டங்களில் இறங்குவது இன்றும் செய்தியாகிறது. பழைய ரப்பர் நிரைகள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றில் பால்வெட்டிய மூதாட்டியரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஹப்பக்கின் அறிக்கை நூலகத்தில் இருக்கிறது. இவர்கள் கண்டது எங்கும் எழுதப்படவில்லை. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

கேள்வி கேட்ட மாணவனிடம், வீட்டில் உள்ள மூத்தவரைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். மறுவாரம் அரைப்பக்கம் கொண்டு வந்தான். அவன் கொள்ளுப்பாட்டி சிறுமியாக இருந்தபோது, ஓர் அதிகாலையில் பால்வாளிகள் எல்லாம் நசுங்கிக் கிடந்தனவாம். சுற்றிலும் யானைச் சாணம். அன்று வேலை இல்லை. ஆனால் அன்றைய கூலியும் இல்லை என்று எழுதியிருந்தான்.