வீடியோ போக்கர்: ஆட்ட உத்தியும் தொடர் தோல்வியும்

வீடியோ போக்கர் என்பது ஐந்து சீட்டுப் போக்கர் ஆட்டத்தைத் திரையில் ஒருவர் தனியாக ஆடும்படி அமைத்த சூதாட்ட இயந்திரம். எதிரே வேறு ஆட்டக்காரர் கிடையாது. பணம் போட்டதும் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை ஒரே ஒரு தடவை மாற்றலாம். கடைசியில் கையில் நிற்கும் சீட்டுகளுக்கு, இயந்திரத்திலேயே எழுதியுள்ள அட்டவணைப்படி பணம் கிடைக்கும். எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது என்ற முடிவு மட்டுமே ஆட்டக்காரருடையது. அந்த முடிவைக் கணக்குப் போட்டு எடுக்க அமெரிக்காவில் பலர் கற்றுக்கொண்டனர். கற்ற பின்பும் தோல்விகள் வரிசையாக வந்தன. அவற்றை என்ன செய்வது என்பது இன்னொரு பாடமாயிற்று.

தோற்றம்

இதன் மூதாதை 1891இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்னும் இருவரின் நிறுவனம் செய்த இயந்திரம். அதில் ஐந்து உருளைகள். ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டுப் படங்கள். ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஒரு போக்கர் கை நிற்கும். இயந்திரம் தானாகப் பணம் கொடுக்காது. மதுக்கடைக்காரர் பீரோ சுருட்டோ கொடுப்பார். ஐம்பது படங்களுக்கே இடம் இருந்ததால் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் குறைந்தன. பெரும்பாலும் எடுக்கப்பட்டவை இஸ்பேட் பத்தும் ஆர்ட்டின் ஜாக்கியும். ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேர்வதுதான் போக்கரின் உச்சக் கையான ராயல் ஃப்ளஷ். அந்த இரு சீட்டுகளும் போனால் நான்கு இனங்களில் இரண்டில் அது வரவே வராது. மிகப் பெரிய பரிசின் வாய்ப்பு அப்படியே பாதியானது. அந்தக் காலத்திலேயே கடைக்காரர் கணக்கில் கெட்டிக்காரர்.

திரையுள்ள இயந்திரம் வர 1970கள் ஆக வேண்டியிருந்தது. நெவாடாவில் பாலி நிறுவனத்தின் இயந்திரங்களை விற்றுவந்த சை ரெட் என்பவர் திரை இயந்திரங்களில் எதிர்காலத்தைக் கண்டார், பாலி காணவில்லை. அவர் தனியே பிரிந்து தொடங்கிய நிறுவனம் 1979இல் ‘டிரா போக்கர்’ இயந்திரத்தை வெளியிட்டது. அந்நிறுவனமே 1981இல் இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் இரண்டு ஜோடி சேர்ந்தால்தான் பணம். பின்னர் ஜாக்கி ஜோடி அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடிக்குப் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்ததும் ஆட்டம் பரவியது. ஏறத்தாழ ஐந்து கைக்கு ஒன்று இப்படிப் போட்டதை மட்டும் மீட்டுத் தருகிறது. இலாபம் ஒன்றுமில்லை என்றாலும், வென்ற உணர்வு இருக்கும்.

கணக்கு பிறந்த விதம்

மற்ற சூதாட்ட இயந்திரங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆடுபவருக்குத் தெரியாது. நெவாடாவின் விதிப்படி, திரையில் சீட்டுக் காட்டும் இயந்திரத்தில் ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு உண்மையான கட்டில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும். 52 சீட்டுகளில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். பரிசு அட்டவணை கண்முன்னே இருக்கிறது. ஆகவே பொறுமை உள்ள எவரும் கணக்கிடலாம். ஓய்வுபெற்ற விண்வெளித்துறைப் பொறியாளரான லென்னி ஃப்ரோம் அப்படிக் கணக்கிட்டு, எளிய மக்களுக்கான உத்திப் பட்டியல்களை வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்ட் வாங் என்ற புனைபெயருடைய எழுத்தாளரின் வீடியோ போக்கர் நூல் 1988இல் வந்தது. பின்னர் தவறான சீட்டை நிறுத்தினால் உடனே சுட்டிக்காட்டும் கணினிப் பயிற்சி நிரல்களும் வந்தன.

‘ஜாக்கி அல்லது மேல்’ வகையில் மிக நல்ல அட்டவணையை 9/6 என்பர். மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸுக்குப் பந்தயத்தைப் போல் 9 மடங்கு, ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷுக்கு 6 மடங்கு என்பது அதன் பொருள். பிழையின்றி ஆடினால் நீண்டகாலச் சராசரியில் போட்ட பணத்தில் 99.54% திரும்பும். இதற்கு ஒவ்வொரு முறையும் ஐந்து நாணயம் போட வேண்டும். குறைத்துப் போட்டால் ராயல் ஃப்ளஷுக்கு 800 மடங்குக்குப் பதில் 250 மடங்குதான்.

கற்பவர் முதலில் விட வேண்டியது மேசைப் போக்கரின் பழக்கம். ஜோடியோடு ஓர் ஏஸையும் பிடித்துவைப்பது எதிராளியை ஏமாற்ற உதவும். இயந்திரத்தை ஏமாற்ற முடியாது. அங்கே அது மூன்றாவது சீட்டு வரும் வாய்ப்பைக் குறைப்பதோடு சரி.

சரியாக ஆடியும் தோற்பது

ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, ஐந்து வந்துள்ளன என்று கொள்வோம். இது ஏற்கெனவே ஃப்ளஷ். 6 மடங்கு உறுதி. உத்திப் பட்டியலோ ஐந்தைக் கழிக்கச் சொல்கிறது. மீதமுள்ள 47 சீட்டுகளில் ஆர்ட்டின் பத்து வந்தால் 800. வேறு ஆர்ட்டின் ஏழில் ஒன்று வந்தால் மீண்டும் 6. மற்ற இனத்துப் பத்து மூன்றில் ஒன்று வந்தால் வரிசை சேர்ந்து 4. பன்னிரண்டு சீட்டுகள் ஜோடி சேர்த்து 1 தரும். மொத்தம் 866, 47ஆல் வகுத்தால் 18.4. ஆறைக் காட்டிலும் மூன்று மடங்கு பெரிது. ஆனால் மீதி 24 சீட்டுகளில் எது வந்தாலும் கையில் இருந்த ஆறும் போய்விடும். அதாவது, சரியான முடிவை எடுத்தவர் பாதிக்கு மேற்பட்ட தடவை வெறுங்கையோடு நிற்பார். அடுத்த முறை அதே கை வந்தால் ஐந்தைக் கழிக்க மனம் வருமா? உத்தியைக் கற்பதில் மனப்பாடம் சிறு பகுதி. இந்தக் கேள்விதான் பெரும் பகுதி.

9/6 ஆட்டத்தில் 100 கைகளில் ஏறத்தாழ 54 அல்லது 55 கைகளுக்கு ஒன்றும் கிடையாது. தொடர்ந்து பத்துக் கை தோற்பது சராசரியாக 940 கைக்கு ஒருமுறை நிகழும். பழகியவர் மணிக்கு 600 கை ஆடுவார் என்றால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆடுபவருக்கு அது சாபம் போலத் தோன்றலாம். கணக்கில் அது அன்றாட நிகழ்ச்சி. ராயல் ஃப்ளஷ் சராசரியாக 40,000 கைக்கு ஒன்று. 40,000 கை ஆடியும் அதைக் காணாதவர் 100 பேரில் 37 பேர் இருப்பர். அது வராத வரையில் 99.54% என்பதும் 97.6% ஆகவே இருக்கும்.

தோல்வியை ஈடுகட்டப் பந்தயத்தை இரட்டிப்பது பழைய வழி. 1.25 டாலரில் தொடங்கிப் பத்து முறை தோற்றால் 1,278.75 டாலர் போயிருக்கும். பதினொன்றாம் பந்தயம் 1,280 டாலர். அப்போது ஜாக்கி ஜோடி வந்தால் அந்த 1,280 மட்டும் திரும்பும். முன்னே போனது போனதுதான். “இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வரும்” என்பதும் பிழை. காசு சுண்டும் பாடத்தில் மாணவர் படிக்கும் விதிதான் இங்கும்: ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது; முந்தைய கை அதற்குத் தெரியாது.

அனுபவம் உள்ளோர் செய்தது வேறு. பந்தயத்தை ஒரே அளவில் வைத்தனர். இழந்தாலும் வீடு பாதிக்காத தொகையை முன்கூட்டியே ஒதுக்கினர். அது தீர்ந்தால் எழுந்தனர். களைப்பில் பிழை கூடுவதால் நேரத்துக்கும் வரம்பு வைத்தனர். ஆட்ட வகையையும் கையிருப்புக்கு ஏற்பத் தேர்ந்தனர். ‘டபுள் டபுள் போனஸ்’ வகையில் நான்கு ஏஸுக்குப் பெரும் பரிசு உண்டு. அதற்கு ஈடாக இரண்டு ஜோடிக்கு 2 மடங்கு தருவதை 1 ஆக்கிவிடுவர். எனவே அங்கே பணம் இன்னும் விரைவாகக் கரையும். இரண்டு என்ற சீட்டு எதுவாகவும் மாறும் ‘டூசஸ் வைல்ட்’ வகையின் முழு அட்டவணை பிழையற்ற ஆட்டத்துக்கு 100.76% தந்தது. அதிலும் தோல்வி வரிசை இதே அளவில் வரும்.

இவ்வளவு கட்டுப்பாடு எல்லோருக்கும் கூடவில்லை. லாஸ் வேகாஸில் ஆய்வு செய்த மானிடவியலாளர் நடாஷா டவ் ஷூல், 2012இல் வெளியிட்ட நூலில், பலர் வெல்வதற்காக அல்லாமல் உலகை மறந்து ஆட்டத்திலேயே இருப்பதற்காக ஆடுவதைப் பதிவு செய்தார். அவர்களிடம் உத்திப் பட்டியலும் வரம்பும் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. தென் கரோலினா மாநிலம் பெட்ரோல் நிலையம் வரை பரவியிருந்த வீடியோ போக்கர் இயந்திரங்களை 2000 ஜூலை முதல் தடை செய்தது.

அட்டவணை மாறியது

சூதாட்ட விடுதிகள் நல்ல அட்டவணைகளைக் குறைக்கத் தொடங்கின. 9/6 இருந்த இடத்தில் 8/5 வந்தது. அதன் திருப்பம் 97.3%. பிறகு 6/5 வந்தது. அதன் திருப்பம் 95%. மணிக்கு 750 டாலர் புரளும் ஆட்டத்தில் சராசரி இழப்பு 3.45 டாலரிலிருந்து 37.50 டாலராக ஏறுகிறது. ஆனால் வெல்லும் கைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறவில்லை. தோல்வி வரிசையின் நீளமும் மாறவில்லை. ராயல் ஃப்ளஷ் வராத மணி நேரத்திலும் 60 டாலர் இப்படியும் அப்படியும் அலைவது சாதாரணம் என்பதால், கூடுதலாகப் போகும் 34 டாலரை ஆடுபவரால் உணர முடியாது. தொடர்ந்து தோற்றவர் நல்ல இயந்திரத்தைத் திட்டிவிட்டு எழுந்து, அடுத்த வரிசையில் உள்ள 6/5 இயந்திரத்தில் போய் அமர்வதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரையின் மேல்பகுதியில் ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் என்ற இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கும்.