பிரிட்ஜ்மனைட்: நாற்பது ஆண்டுகள் பெயரின்றி இருந்த கனிமம்

பிரிட்ஜ்மனைட் என்பது மக்னீசியமும் இரும்பும் கொண்ட ஒரு சிலிக்கேட் கனிமம் ஆகும். புவியின் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ 38 விழுக்காடு இதுவே என மதிப்பிடப்படுகிறது. ஆயினும் 2014 வரை இதற்குக் கனிமப் பெயர் கிடையாது. இயற்கையில் கிடைத்த மாதிரியை முழுமையாக ஆராய்ந்த பின்னரே பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஒரு கனிமத்துக்குப் பெயரை ஏற்கும். இக்கனிமமோ 660 கிலோமீட்டருக்குக் கீழே இருப்பது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளையான ரஷ்யாவின் கோலா துளை 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

அந்த ஆழத்தில் நிலநடுக்க அலைகளின் வேகம் திடீரெனக் கூடுகிறது. கீழ்க் கவசத்தின் பாறை சாதாரண சிலிக்கேட்டாக இருக்க முடியாது, அணுக்கள் மிக நெருங்கி அடுக்கப்பட்ட வடிவமாகவே இருக்கும் என்று பிரான்சிஸ் பிர்ச் 1952-இல் வாதிட்டார். இவர் ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மனின் மாணவர். அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் அடைப்பு ஒன்றை உருவாக்கி, ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தம் வரை சென்றவர் பிரிட்ஜ்மன். அதற்காக 1946-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

பிர்ச்சின் கணிப்பைச் சோதிக்க அதைவிட இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் தேவைப்பட்டது. 1974-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் லின்-குன் லியு இரண்டு வைரங்களின் முனைகளுக்கு இடையே சிறு துகளை வைத்து நெருக்கி, லேசரால் சூடாக்கினார். வைரம் கடினமானது மட்டுமன்று, ஒளி ஊடுருவக்கூடியதும் ஆகும். லேசரை உள்ளே செலுத்த முடிந்தது அதனால்தான். கிடைத்த பொருளில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருந்தன. மேற்பரப்புப் பாறைகளில் நான்கே இருக்கும். இந்தப் புதிய அமைப்பு 'சிலிக்கேட் பெரோவ்ஸ்கைட்' என்றே வழங்கப்பட்டது.

இயற்கை மாதிரி கடைசியில் வானிலிருந்து வந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல், அதற்கு முன்பே விண்வெளி மோதல் ஒன்றில் கடும் அழுத்தத்துக்கு உள்ளாகியிருந்தது. 1997-இலேயே அதில் இக்கனிமத்தின் தடயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் பெயரிடப் போதுமான விவரம் கிட்டவில்லை. எலக்ட்ரான் கற்றை பட்டாலே படிகம் சிதைந்துவிடுவது பெரிய தடையாக இருந்தது. ஆலிவர் ஷாவ்னர், சி மா முதலியோர் நுண்ணிய எக்ஸ் கதிர்க் கற்றையைப் பயன்படுத்திப் படிக அமைப்பை உறுதிசெய்தனர். 2014-இல் பெயர் ஏற்கப்பட்டது. பிரிட்ஜ்மன் தம் கையால் ஒருபோதும் செய்யாத கனிமம் இது. அவர் 1961-இலேயே மறைந்துவிட்டார்.