மருத்துவக் கருவிகளின் கிருமிநீக்க மேலாண்மை: ஒரு வரலாறு

அறுவைக் கூடத்தில் பயன்படுத்திய கத்தரி, இடுக்கி போன்ற கருவிகள் அடுத்த நோயாளியிடம் செல்லும் முன் கழுவி, சரிபார்த்து, பொதிந்து, கிருமிநீக்கம் செய்யப்படும் இடம் மையக் கிருமிநீக்கத் துறை ஆகும். கிருமிகளை எப்படி அழிப்பது என்பதே தொடக்கத்தில் இத்துறையின் கேள்வியாக இருந்தது. இந்தக் கருவி இதற்கு முன் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

நீராவியின் வருகை

1867 ஆம் ஆண்டு ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திக் காயங்கள் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். கொதிநீரில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் அழிவதில்லை. எனவே லூயி பாஸ்டரின் உடனாய்வாளர் சார்லஸ் சாம்பர்லாந்து 1879 இல் ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலனை உருவாக்கினார். அழுத்தத்தில் 121 பாகை செல்சியசை எட்டும் நீராவி, சுமார் 15 நிமிடங்களில் வித்துகளையும் அழிக்கும். 1880களில் பெர்லினில் ஏர்ன்ஸ்ட் வான் பெர்க்மான் நீராவி முறையை அறுவை மருத்துவத்தில் நிலைநிறுத்தினார்.

வார்டிலிருந்து மையத்திற்கு

நெடுங்காலம் ஒவ்வொரு வார்டிலும் செவிலியர்களே ஊசிகளையும் கருவிகளையும் கொதிக்க வைத்தனர். பிரித்தானியாவின் நஃபீல்டு அறக்கட்டளை ஆறு மருத்துவமனைகளை ஆராய்ந்து 1958 இல் வெளியிட்ட அறிக்கை, அங்கிருந்த கிருமிநீக்க நடைமுறைகளின் குறைகளை வெளிப்படுத்தியது. இத்தகைய ஆய்வுகள் பணியை ஒரே துறையில் குவிக்கும் போக்குக்கு வலுச் சேர்த்தன. பொதிக்குள் காற்று தங்கினால் நீராவி உள்ளே புகாது. அதைக் கண்டறியும் போவி-டிக் சோதனை 1963 இல் அறிமுகமானது.

சூரிச் நிகழ்வு

1974 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், வலிப்பு நோயுள்ள இளையோர் இருவரின் மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டன. அதே மின்முனைகள் முன்பு குரோய்ட்சுபெல்டு-யாக்கோப் நோயுற்ற ஒரு பெண்ணுக்குப் பயன்பட்டவை. பென்சீனால் துடைத்து, ஆல்ககாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் தூய்மை செய்திருந்தும் இருவரையும் அந்நோய் தாக்கியது. 1977 இல் இது மருத்துவ இதழில் வெளியானது. பிரியான் எனும் புரதத்தால் உண்டாகும் இந்நோயை வழக்கமான தொற்றுநீக்கிகளால் தடுக்க இயலவில்லை. எந்தக் கருவி யாருக்குப் பயன்பட்டது என்று தெரிந்திருந்ததாலேயே நோய் வந்த வழி புலப்பட்டது.

தடமறிதல்

இன்று கருவித் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணோ பட்டைக்குறியோ இடப்படுகிறது. கழுவிய நாள், ஆட்டோகிளேவில் ஏற்றிய சுற்றின் எண், வெப்பநிலைப் பதிவு, பயன்படுத்திய நோயாளியின் விவரம் ஆகியவை அதனுடன் இணைக்கப்படுகின்றன. ஒரு சுற்றின் சோதனை தவறினால், அதிலிருந்த பொதிகள் அனைத்தையும் திரும்பப் பெற முடியும். பிரியான் அச்சத்தால் 2001 இல் பிரித்தானிய அரசு, இங்கிலாந்து மருத்துவமனைகளின் கிருமிநீக்க வசதிகளை மேம்படுத்த 20 கோடி பவுண்டு ஒதுக்கியது.

கணினி இல்லாத மருத்துவமனையிலும் முறையாக எழுதப்படும் ஒரு பதிவேடு இப்பணியின் அடிப்படையை நிறைவேற்றும். பதிவு இல்லையெனில், தவறு நேர்ந்த பின் யாரை எச்சரிப்பது என்பதே தெரியாமற் போகும்.